நாலரை மணி டியூட்டி

சார்ட்டம்மாவின் கட்டிலுக்கு அடியில் ஒரு பழக்கடையே இருந்தது. ஆரஞ்சு, மாதுளை, வாழைப்பழம் என்று பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பையாக வைத்துவிட்டுப் போனவை. சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்ட பிறகு அந்தப் பழங்களில் ஒரு சுளையைக்கூட அவள் வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொண்டுவந்தவர்களிடம் அதைச் சொன்னால் அவர்கள் முகம் வாடிப்போகும் என்று மகள் பேசாமல் வாங்கி உள்ளே தள்ளினாள். எழுந்து போகும்போது எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"எது வேணும்னாலும் தயங்காம சொல்லுங்க."

சொன்ன கையோடு செருப்பைத் தேடினார்கள். பதிலுக்காக நின்றவர் ஒருவர்கூட இல்லை.

சார்ட்டம்மா என்ற பெயர் பஸ் டெப்போவில் வந்தது. எந்த பஸ்ஸை எந்த டிரைவர் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், யாருக்கு என்றைக்கு ஓய்வு என்று நோட்டீஸ் போர்டில் தொங்கும் டியூட்டி சார்ட்டை இருபது வருஷம் போட்டவள். முந்நூறு பேருடைய தூக்கம் அவள் பேனா முனையில் இருந்தது. அதை வைத்து அவள் யாரையும் மிரட்டியதில்லை. ஒரு டியூட்டி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒன்பது மணி நேரம் ஓய்வு என்பது விதி. எட்டே முக்கால் என்று வந்தாலும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதுவாள்.

இப்போது அவளே ஒரு சார்ட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய், வியாழன், சனி காலை ஐந்து மணிக்கு ஊரின் மறு கோடியில் டயாலிசிஸ். ஊசியேறும் இடது கையால் ஒரு செம்பைக்கூடத் தூக்கக் கூடாது. நாளெல்லாம் குடிக்க அரை லிட்டர் தண்ணீர். கணவர் போய்ப் பத்து வருஷமாகிறது. இருப்பது மகள் ஒருத்திதான். அவளுக்கு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. மதியம் இரண்டிலிருந்து இரவு பத்தரை வரை ஷிப்ட். பதினொன்றுக்கு வீடு வந்து படுத்து, மூன்றே முக்காலுக்கு எழுந்து, ஆட்டோ பிடித்து அம்மாவைக் கொண்டுபோய், நான்கு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பி வந்து சமைத்துவிட்டு மறுபடி ஷிப்டுக்கு ஓடுவாள். இரண்டாவது மாதம், பாக்கெட்டுக்குச் சூடு வைத்து ஒட்டும் மிஷின் முன்னால் கண் செருகி, இரண்டு விரல்களைச் சுட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தக் கட்டைப் பார்த்த அன்றுதான் சார்ட்டம்மாவுக்குத் துணிச்சல் வந்தது. சொன்னவர்களையெல்லாம் சொன்ன சொல்லிலேயே பிடித்துவிடுவது என்று முடிவு செய்தாள். நோட்டை எடுத்துக் கோடு போட ஆரம்பித்த அதே வாரத்தில் மேனேஜர் வந்து சேர்ந்தார்.

மேனேஜர் என்றால் டெப்போவின் பழைய மேனேஜர். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. ஓய்வு பெற்றோர் சங்கத்தின் தலைவர் தேர்தலில் நிற்கிறார் என்பதால், சங்கத்து ஆட்கள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு நலம் விசாரிக்க வந்திருந்தார். அவர் கொண்டுவந்ததும் ஆரஞ்சுதான்.

"உனக்கு ஒண்ணுன்னா நாங்க சும்மா இருப்போமாம்மா? நான் இருக்கேன். எந்த நேரம்னாலும் கூப்பிடு. என் காரே உனக்காக நிக்கும்" என்றார். சொன்னது அவளிடம், பார்த்தது அந்த ஆறு பேரை.

சார்ட்டம்மாவின் வயிறு எரிந்தது. நோயின் எரிச்சல் அல்ல. ஆறு வருஷமாக அணையாத எரிச்சல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, நாலரை மணி முதல் பஸ் பாலத்தடி மரத்தில் மோதியது. ஓட்டிய டிரைவர் முந்தின இரவு பத்தரைக்குத்தான் கடைசி பஸ்ஸை விட்டு இறங்கியவர். தூங்கிவிட்டார். பயணிகள் ஒன்பது பேருக்கு அடி. டிரைவருக்கு வலது கால் முழங்காலோடு போனது. அந்த நாலரைக்கு அவள் போட்டிருந்தது வேறொரு ஆளை. அந்த ஆளை மேனேஜர் தன் மச்சினன் கல்யாணத்துக்குக் கார் ஓட்ட அனுப்பிவிட்டு, சார்ட்டைக் கிழித்துப் புதுத் தாளில் இந்த டிரைவரின் பெயரை எழுதி மாட்டியிருந்தார்.

புதுத் தாளில் அவளுடைய கையெழுத்து எப்படி வந்தது? அங்கேதான் அவள் வசமாக மாட்டிக்கொண்டாள். லீவில் போகும் நாளில் சார்ட் தாமதமாகிவிடக் கூடாது என்று, ஐந்தாறு வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம். அவளுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். விசாரணையில் மேனேஜர் ஒரே வரிதான் சொன்னார்: "கையெழுத்து அவளுதுதானே, அவளையே கேளுங்க." அவளைச் சார்ட்டிலிருந்து தூக்கி டயர் குடோனில் போட்டார்கள். கல்யாணத்துக்குக் கார் ஓட்டிய ஆளோ, அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

குடோனைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அந்த டிரைவரைப் பார்க்கப் போனபோது நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அதுவரை அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர், விசாரணைத் தாளின் நகலை நீட்டி, "இது உங்க கையெழுத்தா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அவள் ஆமாம் என்றாள். "அப்ப கிளம்புங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அவருக்கு பஸ் ஸ்டாண்டில் மைக் வேலை. எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று அறிவிப்பவர். பஸ் ஸ்டாண்ட் இரண்டு தெரு தள்ளி. காலையிலிருந்து மாலைவரை அவர் குரல் ஜன்னல் வழியாக அவள் கட்டிலுக்கே வந்து விழும். ஊருக்கெல்லாம் பேசும் அந்தக் குரல் அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாவதற்குள் அந்த மனுஷனுக்கு உண்மை தெரிய வேண்டும். அதுவும் மேனேஜர் வாயாலேயே தெரிய வேண்டும். சார்ட்டம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். டாக்டர் அவளுக்கு எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. சொல்லாததிலிருந்தே அவள் புரிந்துகொண்டாள்.

"எந்த நேரம்னாலுமா சார்?" என்று கேட்டாள்.

"எந்த நேரம்னாலும்மா."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று ஆறு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாளே சார்ட் தயாராகிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஏறிவிட்டது. வந்த ஆறு பேரில் பழைய கண்டக்டர் ஒருவருக்குத் தண்ணீர் கேனும் கடைச் சாமானும். டெப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு மாத்திரை வாங்கி வருவது. சங்கத்து அம்மா ஒருத்தருக்குத் துணி துவைப்பது. மேனேஜருக்குத் திங்கள், புதன், வெள்ளி இரவு பத்தரைக்கு பிஸ்கட் கம்பெனி வாசலிலிருந்து மகளைக் கூட்டிவந்து வீட்டில் விடுவது. செவ்வாய், வியாழன், சனி விடிகாலை நாலரைக்கு அம்மாவை டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது. மறுபடி வரவழைத்த ஆறு பேரும் பார்த்துக்கொண்டிருக்க மேனேஜர் கையெழுத்துப் போட்டார். தன் பெயர் இரண்டு இடத்தில் வந்ததில் அவருக்குப் பெருமை. இரண்டுக்கும் நடுவே ஆறு மணி நேரம்தான் இருக்கிறது என்பதை அவர் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட விஷயங்களை அவர் என்றுமே பார்த்ததில்லை.

சார்ட்டின் கடைசி வரியில், ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரே டிரைவரின் பெயரும் இருந்தது. வேலை: வந்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். கண்டக்டர் அந்த நகலைக் கொண்டுபோய் மைக் ரூமில் கொடுத்தார். டிரைவர் அதில் தன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்துத் தூக்கிப் போட்டாராம்.

முதல் வாரம் மேனேஜர் சென்ட் மணக்க வந்தார். இரண்டாவது வாரம் முகம் மழிக்காமல் வந்தார். மூன்றாவது வாரம் சட்டையின் இஸ்திரி மடிப்பு காணாமல் போய், கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பைகள் தொங்கின. டயாலிசிஸ் அறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். மிஷினில் தன் ரத்தம் சுற்றி வருவதையும் அவர் தலை மார்பில் விழுந்து விழுந்து எழுவதையும் சார்ட்டம்மா மாறி மாறிப் பார்த்தாள். எதற்குமே பசிக்காத அவளுக்கு அந்த வாரம் நன்றாகப் பசித்தது.

"பாவம்மா, வயசானவர். வேற யாரையாவது போடேன்" என்றாள் மகள்.

"எந்த நேரம்னாலும்னு அவர்தானே சொன்னாரு. நான் கேட்டேனா?"

மூன்றாவது வியாழன் விடிகாலையில் கார் மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. நடுச்சாலைத் தடுப்பில் கண்ணாடி உரசி மடங்கியது. "சார்" என்றாள் அவள். மேனேஜர் திடுக்கிட்டு பிரேக்கை மிதித்தார். கார் குலுங்கி நின்றது. அவர் இறங்கிப் போய் மடங்கிய கண்ணாடியை நிமிர்த்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னால முடியலம்மா. ராத்திரி பன்னெண்டுக்குப் படுத்து மூணரைக்கு எந்திரிச்சா எவனால வண்டி ஓட்ட முடியும்? மனுஷன் செய்யற வேலையா இது? யாராவது செத்துக்கித்துப் போனா?"

ஆறு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீரைக் குடிப்பதுபோல அதைச் சொட்டுச் சொட்டாக விழுங்கினாள். அவருக்கோ தான் என்ன சொன்னோம் என்பதே உறைக்கவில்லை. அந்தப் பாலமும் அந்த மரமும் அவர் ஞாபகத்தின் ஓரத்தில்கூட இல்லை. அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"மாத்திடலாம் சார்" என்றாள் தணிவாக. பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். சார்ட்டுக்கான கோடு போட்ட வெற்றுத் தாள். அடியில் அவளுடைய கையெழுத்து. அதை ஒரு வாரமாகவே பையில் வைத்துக்கொண்டு அலைந்தாள். "கை வீங்கி இருக்கு, எழுத வரலை. நீங்களே தோதா எழுதிக்கோங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் வர்றப்ப ஒட்டிடலாம்."

மேனேஜர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு நொடி தயங்கவில்லை. கொஞ்சமாவது தயங்கியிருந்தால் அவள் அப்போதே விட்டிருப்பாளோ என்னவோ.

அன்று மாலையே கண்டக்டரிடம் டிரைவருக்குச் சொல்லி அனுப்பினாள்: "புது சார்ட்டை மேனேஜர் எழுதறார். ஒரு தடவை வந்து படிச்சுட்டுப் போகட்டும். அதுக்கப்புறம் அவர் பேரையே எடுத்துடறேன்."

ஞாயிறு பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடிப்படியில் அக்குளில் ஊன்றும் கட்டைக்கம்பின் சத்தம் கேட்டது. பதினான்கு படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம், ஒரு நிறுத்தம். டிரைவர் உள்ளே வந்தபோது கண்டக்டர், ஸ்டோர் கீப்பர், சங்கத்து அம்மா எல்லாரும் இருந்தார்கள். மேனேஜர் ஏற்கெனவே தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒருநாள் நன்றாகத் தூங்கியவர்போலக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் உட்காரவில்லை. "என்னைக் கேக்காம என் பேரை சார்ட்டுல போடறது உங்களுக்குப் பழக்கமாப் போச்சு இல்ல?" என்றார். மைக்கில் வரும் அதே குரல். கிட்டத்தில் கேட்கும்போது இன்னும் தடிமனாக இருந்தது.

"படிச்சுட்டுத் திட்டுங்க" என்றாள் சார்ட்டம்மா.

அவர் சுவரருகே போனார். பழகிய கண், ஒரே பார்வையில் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார்.

"பத்தரைக்கு ஷிப்ட் முடியுது, தானே வீட்டுக்கு வரணும். நாலரைக்கு ஆட்டோ பிடிச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டுத்துலயும் ஒரே பேரு." தாளின் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சொந்த மகளையுமா?"

சார்ட்டம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேனேஜர் கண்டக்டரின் தலையில் கட்டுவார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மகளைப் போடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. மகள் சமையலறை வாசலில் நின்று, கட்டுப் போட்ட விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்தாள்.

"அம்மா, மறுபடியும் என்னையா போட்டே?"

சார்ட்டம்மா வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, அன்றாடப் பேச்சுபோலச் சொன்னார்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? கையெழுத்து அவளுதுதானே, அவளையே கேளுங்க."

ஸ்டோர் கீப்பர் தரையைப் பார்த்தார்; விசாரணை நடந்தபோது அவரும் அந்த அறையில் இருந்தவர். டிரைவர் கட்டைக்கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டு மேனேஜர் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"இதே வரியை நான் விசாரணைத் தாள்லயும் படிச்சிருக்கேன்" என்றார்.

மேனேஜரின் நீட்டிய கால் மெதுவாக மடங்கியது. முகத்தில் இருந்த தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"வெத்துத் தாள்தான் கொடுத்தேன்" என்றாள் சார்ட்டம்மா. "அன்னிக்கும் டிராயர்ல வெத்துத் தாள்தான் இருந்துச்சு. நான் நாலரைக்கு உங்களைப் போடல."

இதைச் சொல்லும் நாளை அவள் ஆயிரம் தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் டிரைவர் கண் கலங்கி அக்கா என்பார். அவரோ அவளையும் அதே கண்ணால்தான் பார்த்தார்.

"வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? எவன் தூக்கத்தை எவன் வேணும்னாலும் எழுதிக்கட்டும்னு வச்சுட்டுப் போனது நீங்கதானே? அவர் எழுதினார், நீங்க எழுத இடம் கொடுத்தீங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் என் காலை எடுத்தீங்க."

ஆறு வருஷமாக மேனேஜரைச் சபித்த சபிப்பில், அந்த டிராயரைப் பற்றி அவள் ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. சமையலறை வாசலில் நிற்கும் மகளின் விரல்களை இப்போது அவளால் பார்க்க முடியவில்லை.

டிரைவர் சுவரிலிருந்து தாளைப் பிய்த்தார். அதற்குக் கீழே இருந்த பழைய சார்ட்டையும் படித்தார். மேனேஜரின் பெயர் இரண்டு இடத்தில் இருப்பதைக் கண்டு ஒரு கணம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"பழி வாங்கறதுன்னாலும் விதிப்படி வாங்கணும்" என்றார் அவளிடம். "தூக்கமில்லாத ஆளை வண்டில உக்கார வைக்கறதை யார் செஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன். இவருக்கே செஞ்சாலும் சரி."

ஸ்டோர் கீப்பரின் பேனாவை வாங்கி, புதுத் தாளில் தானே எழுதினார். மகளை இரவில் கூட்டிவருவது கண்டக்டர். விடிகாலை நாலரை, மூன்று நாளும், மேனேஜர். அதற்குக் கீழே இன்னொரு வரி: பின் சீட்டில் துணைக்கு, டிரைவர்.

"நீ எதுக்குப்பா கஷ்டப்படறே" என்று இழுத்தார் மேனேஜர்.

"கஷ்டமில்ல. நீங்க தூங்கிட்டா எழுப்ப ஒரு ஆள் வேணும்ல. தேர்தல் வேற வருது. செவ்வாய்க்கிழமை கார் வரலைன்னா, ஏன் வரலைன்னு ஊருக்குச் சொல்ல மைக் என் கையிலதான் இருக்கு."

கண்டக்டர் சிரிப்பை இருமலாக்கினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டார். பிறகு டிரைவர் தாளை சார்ட்டம்மாவிடம் நீட்டினார். பேனாவை உடனே தரவில்லை. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

செவ்வாய் விடிகாலை கார் சொன்ன நேரத்துக்கு வந்தது. அவள் முன் சீட்டில் ஏறினாள். டிரைவர் பின்னால், மேனேஜரின் முதுகுக்கு நேரே உட்கார்ந்து, கட்டைக்கம்பை இரண்டு சீட்டுக்கும் நடுவே நீட்டி வைத்துக்கொண்டார். பாலத்தை நெருங்கும்போது கேட்டார்.

"அன்னிக்கு நாலரைக்கு யாரு பேரு இருந்துச்சு?"

மேனேஜர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். வியாழனன்றும் அதே இடத்தில் அதே கேள்வி. "ஞாபகம் இல்லப்பா" என்றார். "பரவால்ல, இன்னும் நிறைய செவ்வாய்க்கிழமை இருக்கு" என்றார் டிரைவர். அது தன் ஆயுளையும் சேர்த்துச் சொன்னதாக சார்ட்டம்மாவுக்குப் பட்டது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

சனிக்கிழமை பாலம் வருவதற்கு முன்பே மேனேஜர் காரின் வேகத்தைக் குறைத்தார். கேள்வி வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார், பின்னால் இருந்த கண்கள் அவரையே பார்த்தன.

"வேற ஆள் பேருதான் இருந்துச்சு" என்று முணுமுணுத்தார். "மச்சினன் கல்யாணத்துக்கு எனக்கு டிரைவர் தேவைப்பட்டுச்சு. நான்தான் உன் பேரை எழுதினேன். அவளுக்குத் தெரியாது."

"சத்தமா சொல்லுங்க. பின் சீட்டுக்குக் கேக்கல."

மேனேஜர் மறுபடி சொன்னார், முதலிலிருந்து கடைசிவரை, சத்தமாக. சொல்லி முடிப்பதற்குள் பாலமும் மரமும் கடந்து போயின. சார்ட்டம்மா அவர் காதோரம் இறங்கும் வியர்வையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆறு வருஷம் எரிந்தது அடங்கியதா என்றால், இல்லை. ஆனால் இனி அது அவள் ஒருத்தி வயிற்றில் மட்டும் எரியவில்லை.

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?" என்றார் டிரைவர்.

"ஒன்பது மணிக்கு."

"அப்ப ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க." பிறகு முன் சீட்டுப் பக்கம் சாய்ந்தார். அக்கா என்று கூப்பிடவில்லை. "அடுத்த வாரத்துக்கு யாரைப் போட்டிருக்கீங்க?"

"இவரையேதான்."

"படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ரெண்டு தடவை படிச்சேன்" என்றாள் சார்ட்டம்மா.